நாலாம் டிவிஷனிலிருந்து மேலே போகிற தம்பிகளுக்கு

அவனியாபுரம் என்றால் ஊருக்கெல்லாம் தைப் பொங்கலன்று நடக்கும் ஜல்லிக்கட்டுதான் நினைவுக்கு வரும். மற்ற நாட்களில் எங்கள் தெருப் பையன்கள் மட்டையும் பந்துமாகத்தான் திரிகிறார்கள். மாவட்ட லீக்கில் நன்றாக ஆடிவிட்டு, "சென்னை லீக்கில் எந்த டிவிஷனில் சேரலாம்?" என்று கேட்டு வருகிற தம்பிகளிடம் நான் சொல்பவை இவை.

1. ரன் கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கிளம்பாதே. மாவட்டத்தில் அடித்த சதமும் சென்னை முதல் டிவிஷனில் அடித்த சதமும் ஒன்றல்ல. யார் பந்து போட்டார்கள், என்ன விக்கெட், உனக்கு எத்தனை கேட்ச் விட்டார்கள் என்பதையும் ரன்னோடு சேர்த்து எழுதி வை.

2. டிவிஷனுக்கு டிவிஷன் என்ன வித்தியாசம் என்று கேட்கிறீர்கள். நாலாம் டிவிஷனிலும் பிரமாதமான பந்து வரும். ஆனால் ஓவருக்கு ஒன்றிரண்டு இலவசப் பந்தும் வரும். நல்ல பந்தைத் தடுத்துவிட்டு அதற்குக் காத்திருக்கலாம். மேலே போகப் போக அந்த இலவசப் பந்து காணாமல் போகும். கீழே ஸ்லிப்பில் தவறுகிற கேட்ச் மேலே கைக்குள் போய்விடும். எட்டாவதாக இறங்குகிறவனும் அரை சதம் அடிப்பான். முதல் டிவிஷன் பல நாள் ஆட்டம் என்பதால், மாலை வெயிலில் மூன்றாவது ஸ்பெல் போடும்போதும் காலையில் இருந்த வேகம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். திறமையை அளக்க வேண்டுமானால் ஒருவனுடைய சிறந்த பந்தைப் பார்க்காதே, மோசமான பந்தைப் பார். நான் பையன்களைப் பார்க்கிற விதம் இதுதான்.

3. மேட்டிங்கில் வளர்ந்தவன் டர்ஃபுக்குப் போகும்போது ஆட்டமே மாறும். மேட்டை இழுத்து ஆணியடித்துவிட்டால் பந்து ஒரே சீராக எழும்பும். பின்காலில் நின்று இடுப்பு உயரத்தில் வெட்டியும் புல் அடித்தும் ரன் எடுத்துப் பழகியிருப்பாய். டர்ஃபில் அதே லெங்த் பந்து முழங்காலுக்குக் கீழே சறுக்கி வரும், கால்காப்பில் வாங்கி எல்பிடபிள்யூ ஆவாய். முன்காலை நீட்டி ஆடப் பழகு. மேட்டில் ரப்பர் ஷூவோடு ஓடி வந்து போட்டவன் ஸ்பைக்ஸ் போட்டதும் கால் ஊன்றுகிற இடமே மாறி நோ பால் போடுவான். இதையெல்லாம் சென்னையில் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று விடாதே. நத்தத்தில் என்பிஆர் கல்லூரி மைதானம் இருக்கிறது, நம் ஊருக்குப் பக்கத்திலேயே சிந்தாமணியில் 2025 அக்டோபரில் தோனி திறந்து வைத்த வேலம்மாள் மைதானம் இருக்கிறது. அங்கெல்லாம் ஆட்டம் நடக்கும்போது போய், பந்து எந்த உயரத்தில் கீப்பர் கைக்குப் போகிறது என்று மட்டும் ஒரு மணி நேரம் பார்.

4. கீழ் டிவிஷனில் சேர்வதைக் குறைவாக நினைக்காதே. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்திலேயே வளர்ந்தவர். சென்னையில் அவர் தொடங்கியது 2010-11ல், பிஎஸ்என்எல் அணிக்காக, நாலாம் டிவிஷனில். பிறகு விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ். 2015ல் ரஞ்சி ஆடியதும் பந்து போடும் விதத்தில் சந்தேகம் என்று எழுதிவிட்டார்கள். ஆக்‌ஷனை மாற்றிக்கொண்டு, 2016ல் டிஎன்பிஎல்லில் திண்டுக்கல் அணிக்கு யார்க்கர் போட்டார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்சிலேயே மூன்று விக்கெட். நாலாம் டிவிஷனிலிருந்து அங்கே போய்ச் சேர பத்து வருஷம் ஆகியிருக்கிறது.

5. ஒரே தாவலில் மேலே போனால் என்ன ஆகும் என்பதற்கு வருண் சக்கரவர்த்தியைச் சொல்வேன். கட்டடக்கலை படித்தவர். 2017-18ல் ஜூபிலி கிளப்புக்காக நாலாம் டிவிஷனில் 31 விக்கெட். 2018ல் நம் மதுரை பேந்தர்ஸ் டிஎன்பிஎல் கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்தார். அந்த டிசம்பரிலேயே ஐபிஎல் ஏலத்தில் 8.4 கோடி. 2019ல் ஐபிஎல்லில் போட்ட முதல் ஓவரில் 25 ரன் போனது. அந்த ஒரு ஓவரைப் பார்த்து முடிவு கட்டியவர்கள் இருந்தார்கள். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூன்றே ஆட்டங்களில் ஒன்பது விக்கெட் எடுத்தவரும் அவரேதான். புதிய மட்டத்தில் முதல் அடி விழும். அதை வைத்து உன்னை நீ எடை போடாதே.

6. பெரிய கிளப் கூப்பிட்டால், "பதினோரு பேரில் நான் இருப்பேனா?" என்று நேராகக் கேள். மூன்றாம் டிவிஷனில் சீசன் முழுக்க ஆடுகிறவன் முன்னேறுவான். முதல் டிவிஷனில் தண்ணீர் பாட்டில் தூக்குகிறவனுக்கு நல்ல நெட்ஸ் கிடைக்கும், ஆனால் ஆட்டம் கிடைக்காது. இருபது வயதில் ஆட்டம்தான் வேண்டும்.

7. கிளப் மாறுவதற்கும் மாவட்டம் மாறுவதற்கும் விதிகள் உண்டு. பதிவு எங்கே இருக்கிறது, தடையில்லாச் சான்று யார் தர வேண்டும், கடைசித் தேதி எது என்று கிரிக்கெட் சங்கத்திலேயே போய்க் கேள். நண்பன் சொன்னான் என்று கையெழுத்துப் போடாதே.

8. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி கிடைத்தால் சேர்ந்துகொள். ஆனால் அரியர் வைக்காதே. பட்டம் இருந்தால் ஆட்டத்தை வைத்து வேலை கேட்கும்போது கதவு திறக்கும்.

சென்னை என்று முடிவெடுத்தவன், சேரப்போகிற கிளப்பின் போன சீசன் ஸ்கோர்கார்டுகள் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. உன் இடத்தில் ஏற்கெனவே யார் ஆடுகிறான் என்று உட்கார்ந்து பார்ப்போம்.