கடன் அட்டையும் ஒற்றை வருவாயும்

நுழையும்முன்

வரவறிந்து செலவு செய்தல் தமிழர் வாழ்வில் நெடுங்காலமாக வலியுறுத்தப்பட்டுவரும் அறமாகும். வருவாய் வரும் வழி சிறிதாக இருப்பினும், செலவாகும் வழி அதனினும் விரியாதிருந்தால் கேடில்லை என்பது திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரம் உணர்த்தும் கருத்து. கையில் பணம் இல்லாதபோதும் பொருள் வாங்கத் துணைசெய்யும் கடன் அட்டை பெருகியுள்ள இக்காலத்தில், அவ்வறத்தை ஒரு குடும்பம் எவ்வாறு தன் கணக்கேட்டில் கடைப்பிடிக்கலாம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தீவு வாழ்வும் கடன் அட்டையும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் 2024 செப்டம்பர் 13 அன்று அறிவிக்கப்பட்டது. அந்நகரின் பகுதிகளுள் ஒன்று டெலானிபூர். தீவுக்குத் தேவையான பொருள்களுள் பெரும்பகுதி கடல் கடந்தே வருகிறது. சொந்த ஊரில் ஒரு துயரம் நேர்ந்தால் அங்கு விரைந்து செல்லவும் கடலைக் கடக்க வேண்டும். சென்னைக்குக் கப்பலில் செல்ல ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். உடனே செல்ல விமானமே வழி.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. அதனால் இணைய வேகம் பெருகியது. வீட்டிலிருந்தே பயணச்சீட்டும் பொருளும் வாங்குவது எளிதாயிற்று. வாங்குவது எளிதானபோது கடன்படுவதும் எளிதாயிற்று.

அட்டை செயல்படும் முறை

கடன் அட்டையால் வாங்கிய பொருளுக்கு வங்கி முதலில் பணம் செலுத்துகிறது. மாதந்தோறும் வரும் பட்டியலில் குறித்துள்ள நாளுக்குள் முழுத்தொகையையும் செலுத்தினால், வாங்கிய பொருள்களுக்கு வட்டி இல்லை. ஒரு பகுதியை மட்டும் செலுத்தினால் அச்சலுகை நீங்கிவிடும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள்முதல் வட்டி கணக்கிடப்படும். அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுத்தால் எடுத்த நாள்முதலே வட்டி உண்டு. தனிக் கட்டணமும் உண்டு.

பட்டியலில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். அதனைச் செலுத்தினால் தாமதக் கட்டணம் வராது. ஆனால், வட்டி நிற்காது. பலர் இடறுவது இவ்விடத்தில்தான்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

டெலானிபூரில் வாடகை வீட்டில் வாழும் நால்வர் கொண்ட குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்க. தந்தை ஒருவரே பொருளீட்டுகிறார்; மாத ஊதியம் 36,000 ரூபாய். ஊரிலிருக்கும் பாட்டி நோயுற்றபோது நால்வரும் விமானத்தில் விரைந்து சென்றனர். திரும்பியபின் பழுதடைந்த குளிர்பதனப் பெட்டியை மாற்ற நேர்ந்தது. அட்டையில் 60,000 ரூபாய் கடன் சேர்ந்தது.

அவர்களின் மாதச் செலவு பின்வருமாறு:

வீட்டு வாடகை – 9,000
அரிசி, மளிகை, காய்கறி, மீன் – 11,000
பள்ளி, போக்குவரத்து – 4,000
மின்சாரம், எரிவாயு, கைப்பேசி – 3,000
ஊரில் பாட்டிக்கு அனுப்புவது – 3,000
மருந்தும் பிறவும் – 2,500

கூட்டுத்தொகை 32,500 ரூபாய். எஞ்சுவது 3,500 ரூபாய். அட்டையின் வட்டி மாதத்திற்கு நூற்றுக்கு மூன்றரை எனவும், குறைந்தபட்சத் தொகை நிலுவையில் நூற்றுக்கு ஐந்து எனவும் கொள்க. முதல் மாதத்தில் வட்டி 2,100 ரூபாய். வட்டியின்மீது நூற்றுக்கு 18 வீதம் சரக்கு மற்றும் சேவை வரி 378 ரூபாய். குறைந்தபட்சத் தொகையாகத் தந்தை செலுத்துவது 3,000 ரூபாய். அதில் 2,478 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போக, அசலில் குறைவது 522 ரூபாய் மட்டுமே.

புதிதாக எதுவும் வாங்காமல், மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திவந்தால், இக்கடன் பாதியாகக் குறைவதற்கே ஆறரை ஆண்டுகளுக்கு மேலாகும். தவறாமல் பணம் கட்டியும் கடன் குறையவில்லையே எனக் குடும்பம் வருந்துவதற்குக் காரணம் இதுவே. குறைந்தபட்சத் தொகை வங்கி வகுத்த அளவு. கடனைத் தீர்க்கும் அளவை வீடுதான் வகுக்க வேண்டும்.

வீடு வகுக்கும் அளவு

இரு வருவாய் உள்ள வீட்டில் ஒன்று நின்றாலும் மற்றொன்று தாங்கும். ஒற்றை வருவாயில் அத்தகைய தாங்குதல் இல்லை. எனவே, கடனைத் தந்தை தம் மனத்துக்குள் மறைத்துவைத்தல் தீர்வாகாது. ஈட்டுபவர் ஒருவராயினும் செலவிடுவோர் நால்வர். கணக்கை நால்வரும் அறிதல் வேண்டும்.

அக்குடும்பம் ஓரிரவு கணக்கேட்டை விரித்து அமர்ந்ததாகக் கொள்க. பொட்டலத் தின்பண்டங்களையும் வெளியுணவையும் குறைத்ததால் 1,000 ரூபாய், கைப்பேசித் திட்டங்களைச் சுருக்கியதால் 500 ரூபாய், போக்குவரத்தில் 500 ரூபாய், பிற செலவுகளில் 500 ரூபாய் என 2,500 ரூபாய் மீதமாயிற்று. பாட்டிக்கு அனுப்பும் 3,000 ரூபாயில் எவரும் கைவைக்கவில்லை. எதைக் குறைப்பது என்பதைப் போலவே எதைக் குறைக்கலாகாது என்பதையும் முடிவுசெய்வது குடும்பக் கணக்கின் கடமை.

முன்பு எஞ்சிய 3,500 ரூபாயுடன் இதனைக் கூட்டினால் 6,000 ரூபாய். இதில் 500 ரூபாயை அவசரச் சேமிப்பாக ஒதுக்கி, 5,500 ரூபாயை மாதந்தோறும் அட்டைக்குச் செலுத்தினால் பதினைந்தாம் மாதத்தில் கடன் தீரும். வட்டியும் வரியுமாகச் செல்வது ஏறத்தாழ 21,400 ரூபாய். நிலுவை குறையக் குறைய வங்கி கேட்கும் தொகை சிறுத்தாலும், வீடு செலுத்தும் தொகை சிறுக்கலாகாது. அவசரச் சேமிப்பு இல்லாவிடில், அடுத்த காய்ச்சலுக்கும் அட்டையையே நாட நேரும்.

வேறொரு வழியும் உண்டு. ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டியில் ஒரு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ 60,000 ரூபாய் கடன் பெற்று அட்டையின் நிலுவையை ஒரே முறையில் தீர்த்துவிட்டால், மாதத் தவணை ஏறத்தாழ 5,331 ரூபாய். பன்னிரண்டு மாதங்களில் கடன் முடியும். மொத்த வட்டி ஏறத்தாழ 4,000 ரூபாய். வங்கியின் நடைமுறைக் கட்டணத்தையும் முன்னரே கேட்டறிய வேண்டும். ஆனால், காலியான அட்டையில் மீண்டும் வாங்கத் தொடங்கினால் ஒரு கடன் இரு கடன்களாகும்.

சட்டமும் உரிமையும்

கடன் அட்டை வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 30-ஐத் தாண்டலாகாது எனத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. எனவே, அந்த வரம்பை நம்பியிராமல் பட்டியலில் உள்ள வட்டி வீதத்தைப் படித்தறிதல் இன்றியமையாதது.

கடனாளிக்கும் உரிமைகள் உண்டு. 2022-இல் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள், கேட்காதவருக்கு அட்டை வழங்குவதைத் தடைசெய்தன. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினால் கடன் நீளும் என்னும் எச்சரிக்கையைப் பட்டியலில் அச்சிடப் பணித்தன. நிலுவை முழுவதையும் செலுத்தியவர் கேட்டுக்கொண்டால் ஏழு வேலை நாள்களுக்குள் அட்டைக் கணக்கை முடித்துத்தர வேண்டும் எனவும் விதித்தன. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைத்தல், மிரட்டுதல், இழிவுபடுத்துதல் ஆகியவற்றையும் ரிசர்வ் வங்கி அவ்வாண்டில் தடுத்தது. வங்கியிடம் முறையிட்டும் முப்பது நாளில் தீர்வு கிட்டாதவர் கட்டணமின்றி முறையிட, ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்டது.

கடன்படுதல் குற்றமன்று, கணக்கறியாது கடன்படுதலே துன்பம் தருவது. வருவாய் ஒன்றே ஆயினும், அதன் கணக்கை வீட்டார் அனைவரும் அறிந்து, தாமே வகுத்த தொகையை மாதந்தோறும் தவறாது செலுத்தினால் கடன் தீரும் நாளை முன்கூட்டியே குறித்துவைக்க இயலும்.

சொல்லும் பொருளும்

அசல் – கடனாகப் பெற்ற முதல் தொகை
நிலுவை – செலுத்த வேண்டிய மீதித்தொகை
தவணை – பகுதி பகுதியாகச் செலுத்தும் தொகை
வடம் – தடித்த கயிறு; இங்குத் தகவல் செல்லும் இழைக்கற்றை

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. வரவறிந்து
2. பயணச்சீட்டு
3. குற்றமன்று

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்துவதால் நீங்குவது எது? தொடர்வது எது?
2. அக்குடும்பம் குறைக்காமல் விட்ட செலவு யாது? ஏன்?

இ. கணக்கிட்டு எழுதுக.
நிலுவை 20,000 ரூபாய். மாத வட்டி நூற்றுக்கு மூன்றரை. வட்டியின்மீது வரி நூற்றுக்கு 18. ஒருவர் 1,000 ரூபாய் செலுத்தினால் அசலில் எவ்வளவு குறையும்?

ஈ. ஒரு பக்க அளவில் எழுதுக.
‘ஈட்டுபவர் ஒருவராயினும் கணக்கை அனைவரும் அறிதல் வேண்டும்’ – இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.