பின்னால் வரத் தெரியுமா உங்களுக்கு?

கேள்வி: ஸ்கூபா டைவிங்கில் ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கிவிட்டேன். ஆனால் தரைக்கு அருகே போனாலே எனக்குப் பின்னால் ஒரே மணல் புழுதி. கூட வருபவர்கள் ஃப்ராக் கிக் பழகச் சொல்கிறார்கள். வீடியோ பார்த்துச் செய்தால் உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: காலைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். தண்ணீருக்குள் சும்மா இருக்கப் பழகுங்கள்.

தலை மேலும் கால் கீழுமாகச் சாய்ந்து நீந்துகிறவர் எந்த உதையை உதைத்தாலும் தண்ணீரைத் தரைப் பக்கம்தான் தள்ளுவார். மணல் எழத்தான் செய்யும். ஆகவே உதைக்கு முன்னால் படுக்கை நிலை. இதைத்தான் டைவர்கள் ‘டிரிம்’ என்கிறார்கள்.

ஐந்து மீட்டர் ஆழத்தில், பவளப்பாறை இல்லாத மணல் தரைக்கு மேல், துணையோடு இதைச் சோதியுங்கள். மார்பும் தொடையும் ஒரே கோட்டில் இருக்கட்டும். முழங்காலைச் செங்கோணமாக மடக்கி, ஃபின்களைத் தட்டையாக வையுங்கள். கைகளை முன்னால் நீட்டி, பார்வையையும் முன்னால் வையுங்கள். இப்போது மூச்சைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கால் இறங்கினால் எடை கீழ்ப்பக்கம் அதிகம். இடுப்பு ஈயத்தில் ஒன்றிரண்டு கிலோவைச் சிலிண்டர் பட்டைக்கு மாற்றுங்கள். அல்லது சிலிண்டரையே சற்று மேலேற்றிக் கட்டுங்கள். தலை இறங்கினால் இதற்கு நேர்மாறு. கால் அசைக்காமல் அரை நிமிடம் அப்படியே மிதக்க முடிந்த பிறகு உதைக்கு வரலாம்.

ஃப்ராக் கிக்

நீச்சல் குளத்தில் செய்யும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். இதில் வேலை கணுக்காலுக்கு. மடக்கிய நிலையிலிருந்து உள்ளங்கால்கள் பின்னோக்கிப் பார்க்குமாறு பாதங்களை வெளிப்பக்கம் திருப்புங்கள். பிறகு கால்களை வெளியே விரித்துப் பின்னால் தள்ளி, இரு உள்ளங்கால்களையும் ஒன்றையொன்று நோக்கிச் சேர்த்து மூடுங்கள். அதோடு நிறுத்திவிட்டு வழுக்கிச் செல்லுங்கள். வேகம் குறைந்த பிறகே கால்களை மெல்ல மடக்க வேண்டும். பலரும் அவசரப்பட்டு விட்டுவிடுவது இந்த வழுக்கலைத்தான். தண்ணீரில் வேகத்தை இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அவசரத்துக்கு விலை உங்கள் சிலிண்டர் காற்றுதான்.

நீங்கள் சாய்வதற்குக் காரணம், பெரும்பாலும் ஒரு பாதம் சரியாகத் திரும்பாமல் இருப்பது. வீட்டிலேயே பெஞ்சின் மேல் குப்புறப் படுத்து, கால்களை ஓரத்துக்கு வெளியே நீட்டி, இரு கணுக்கால்களும் ஒன்றுபோல் திரும்புகின்றனவா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் துணையைப் பின்னாலிருந்து படமெடுக்கச் சொல்லுங்கள். காலுக்குத் தன் பிழை தெரியாது. முழங்காலின் உள்பக்கம் வலித்தால், கணுக்காலுக்குப் பதில் முழங்காலை முறுக்குகிறீர்கள் என்று பொருள். அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

ஹெலிகாப்டர் டர்ன்

நின்ற இடத்திலேயே திரும்புவது இது. வலக்காலால் மட்டும் பாதி ஃப்ராக் கிக் கொடுத்தால் உடம்பு இடப்பக்கம் திரும்பும். கையால் துழாவாமல் முழு வட்டம் சுற்ற வர வேண்டும். சுற்றும்போது முன்னேறிவிடுகிறீர்களா? உதை பெரிதாகிவிட்டது, சுருக்குங்கள்.

பேக் கிக்

பின்னோக்கி நகர்வதற்கான உதை இது. எல்லாவற்றிலும் கடினமானது, கடைசியில் பழகுங்கள். கால்களை நீட்டி ஃபின்களைச் சேர்த்து வைத்துத் தொடங்குங்கள். பாதங்களை முன்னங்கால் பக்கம் மடக்கி, விரல்களை வெளிப்பக்கம் திருப்புங்கள். ஃபின்னின் மேற்பரப்பால் தண்ணீரைத் தலைப்பக்கம் தள்ளியபடியே, கால்களை வளைவாக விரித்து இடுப்பை நோக்கி இழுங்கள். பிறகு பாதங்களைக் கூராக்கி மிக மெதுவாக நீட்டுங்கள். நீட்டும் வேகம் கூடினால் பின்னால் வந்த தூரம் முழுவதும் முன்னால் போய்விடும்.

எதை எப்போது?

இந்த உதைகளுக்குப் பெரும் தேவையிருப்பது குகை டைவிங்கில். ஃபுளோரிடாவின் நீரூற்றுக் குகைகளிலும் மெக்சிகோவின் செனோட்டே என்ற நீர்க்குழிகளிலும் ஒரு தவறான உதை கிளப்பும் வண்டல், வெளியேறும் வழியையே மறைத்துவிடும். அதனால் குகைக்குத் தனிப் பயிற்சி கட்டாயம். ஜி.யு.இ. அமைப்பின் ‘ஃபண்டமென்டல்ஸ்’ போன்ற வகுப்புகள் இதே உதைகளைச் சாதாரண டைவர்களுக்கும் சொல்லித்தருகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும், கால்களை மாற்றி மாற்றி மேலும் கீழும் அடிக்கும் பழைய ஃப்ளட்டர் கிக்கைக் கைவிட வேண்டாம். எதிர் நீரோட்டத்தில் அதன் தொடர்ந்த உந்துதல்தான் கைகொடுக்கும். இருபுறமும் ஃபின் விரிக்க இடமில்லாத இடுக்கில், முழங்காலை மடக்கி ஃபின் நுனியை மட்டும் அசைக்கும் சிறிய ஃப்ளட்டர் போதும்.

ஃபின் வாங்குவதானால், நுனி பிளந்த ஸ்ப்ளிட் ஃபின்னைத் தவிர்த்துவிடுங்கள். பேக் கிக்குக்கு அதில் பிடிப்பு கிடைக்காது. அகலமான, குட்டையான, விறைப்பான ஃபின் நல்லது. ஆனால் 1960களில் வந்த ஜெட் ஃபின் மாதிரியான கனத்த ரப்பர் ஃபின்கள், டிரை சூட் போடும் குளிர்நாட்டு டைவர்களுக்குப் பொருந்தும் அளவுக்கு நமக்குப் பொருந்துவதில்லை. புதுச்சேரியிலோ அந்தமானிலோ மெல்லிய வெட் சூட்டோடு இறங்குகிறவரின் காலை அவை கீழே இழுத்துவிடும். வாடகைக்கு எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்து எல்லோரும் கேட்பது கேமரா. பாறையருகே படமெடுத்துவிட்டுப் பின்னால் வரத் தெரியாதவர் பவளத்தில்தான் கை ஊன்றுவார். உங்கள் உடல் நீள அளவுக்கு, ஆழம் மாறாமல், கையை அசைக்காமல் பின்னால் வர முடிகிற வரை கேமரா வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.