நொய்யல் நீரையும் வண்டலையும் சோதிப்பது எப்படி?

திருப்பூரில் நொய்யல் ஆறு சிவப்பாகவோ நீலமாகவோ ஓடினால் படம் எடுக்கப் பலர் கூடுவார்கள். தெளிவாக ஓடும் நாளில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் சாயப்பட்டறைக் கழிவின் பெருங்கேடு உப்பில்தான் இருக்கிறது. துணியில் சாயம் ஏறுவதற்குக் கொட்டும் உப்பு, நிறத்தை நீக்கிய பிறகும் தண்ணீரிலேயே தங்கும். பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகிப்போனதும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் ஊரறிந்த கதை. ஆற்றைக் காக்க நினைப்பவர்கள் கண்ணை மட்டும் நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும். ஒரு விவசாயிகள் சங்கமோ பள்ளியோ இதைச் செய்ய முடியும்.

இடம் பார்ப்பது

குறைந்தது மூன்று இடங்கள் வேண்டும்: கழிவு சேர்வதற்கு முன் ஒன்று, சேர்ந்து கலந்த பின் ஒன்று, இன்னும் கீழே ஒன்று. நொய்யலுக்கு முதல் இடமாக சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்கு மேற்புறத்தை வைத்துக்கொள்ளலாம். வெள்ளியங்கிரி மலையிலிருந்து வரும் நீர் கோவை நகரத்தைத் தொடும் முன் எப்படி இருக்கிறது என்பது அங்கே தெரியும். ஜம்மனை ஓடை போன்ற ஓடைகள் ஆற்றில் விழும் இடத்திலேயே மொண்டுவிடாதீர்கள்; அது ஓடையின் தண்ணீர்தான். கொஞ்சம் கீழே போய் இடக்கரை, நடு, வலக்கரை மூன்றிலும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை அளந்து பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வரும் இடம்தான் கலந்து முடிந்த இடம். ஜிபிஎஸ் குறிப்போடு, ஒரு பாலத்தையோ மரத்தையோ அடையாளமாக எழுதி வையுங்கள்.

தண்ணீர்

முதலில் வாங்க வேண்டியது மின்கடத்துதிறன் மீட்டரும் பிஎச் மீட்டரும். புறப்படும் முன் இரண்டையும் உரிய கரைசல்களில் சரிபார்க்க வேண்டும். இதைத் தவிர்த்தால் அன்றைய அளவுகளை நம்ப முடியாது. கடத்துதிறனை 0.65-ஆல் பெருக்கினால் டிடிஎஸ் (மொத்தக் கரைந்த திடப்பொருள்) தோராயமாகக் கிடைக்கும். பாசன நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் உச்சவரம்பு சென்டிமீட்டருக்கு 2,250 மைக்ரோசீமென்ஸ்.

நீரோட்டத்தை எதிர்கொண்டு நின்று, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, நடுவோட்டத்தில் ஓர் அடி ஆழத்தில் நிரப்புங்கள். மேலே மிதக்கும் நுரை பாட்டிலுக்குள் வரக்கூடாது. கோலிஃபார்ம் பாக்டீரியா சோதனைக்கான கிருமிநீக்கிய பாட்டிலை மட்டும் அலசவே கூடாது.

கரைந்த ஆக்சிஜனைக் கரையிலேயே அளந்துவிட வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் சுத்தமான நீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். மீன் வளர 4 மில்லிகிராமாவது வேண்டும். பாசி மண்டிய நீரில் பிற்பகலில் இந்த எண் வெகுவாக உயரும், விடியலுக்கு முன் அடிமட்டத்துக்கு இறங்கும். மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் அந்த விடியற்காலையில்தான். அதனால் பகல் பத்து மணி அளவோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒரு முறையாவது விடியலுக்கு முன் போய் அளந்து பாருங்கள்.

பிஓடி (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) மாதிரியை ஐஸ் பெட்டியில், உறைந்துவிடாமல், அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

வண்டல்

நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். தண்ணீர் மாதிரி அந்த நேரத்துக் கதையை மட்டும் சொல்லும். நேற்றிரவு திறந்துவிட்ட கழிவு இன்று காலைக்குள் கடந்து போயிருக்கும். மழையோடு மழையாகத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகார் கரையோரங்களில் நெடுநாளாக உண்டு. ஆனால் குரோமியம், துத்தநாகம், காரீயம் போன்ற உலோகங்கள் நுண்ணிய களிமண் துகள்களில் ஒட்டி அடியில் தங்கிவிடும்.

அதனால் வண்டலைத் தேடும் இடமே வேறு. ஓட்டம் வேகமான மணல் பகுதியில் எடுத்தால் எதுவும் அகப்படாது. ஆற்று வளைவின் உட்புறம், தடுப்பணைக்கு மேற்புறம், தேங்கிய மடு ஆகிய இடங்களில் மேல் 5 சென்டிமீட்டர் சேற்றை மட்டும் பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். உலோகக் கரண்டி வேண்டாம். உலோகத்தைத் தேடும் மாதிரியில் அதன் உலோகமே கலந்துவிடும். ஐந்து இடங்களில் எடுத்துக் கலந்து ஒரு மாதிரியாக்குங்கள். நிழலில் உலர்த்தி, 63 மைக்ரான் நைலான் சல்லடையில் சலித்த பொடியை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். சலிக்காமல் கொடுத்தால் மணல் அதிகமுள்ள இடம் சுத்தமானதாகவும் களி அதிகமுள்ள இடம் கெட்டதாகவும் பொய்யாகத் தோன்றும். பூச்சிக்கொல்லி, எண்ணெய் சோதனைக்கென்றால் கண்ணாடிப் புட்டி வேண்டும். உலர்த்தாமல் குளிரில் வைத்துக் கொடுக்க வேண்டும்.

உலோகச் சோதனைக்குச் செலவாகும். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன், போதும். பாறையிலிருந்தே ஓரளவு உலோகம் மண்ணில் வரும் என்பதால், எண்ணைத் தனியாகப் பார்க்காமல் கழிவு சேர்வதற்கு முன்னுள்ள முதல் இடத்து வண்டலோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

நீரோட்டமும் பதிவும்

எத்தனை தண்ணீர் ஓடியது என்று தெரியாமல் செறிவை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். விநாடிக்கு ஒரு கன மீட்டர் ஓடும் ஆற்றில் டிடிஎஸ் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் என்றால், அது ஒரு நாளில் சுமந்து போவது 86.4 டன் உப்பு! ஓட்டத்தை அளக்க, நேரான பகுதியில் ஒரு மிதவையை விட்டு 10 மீட்டர் கடக்கும் நேரத்தைக் குறியுங்கள். தூரத்தை நேரத்தால் வகுத்தால் கிடைக்கும் மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கி, அதை அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கினால் போதும்.

நாள், நேரம், முந்தின மழை, எடுத்தவர் பெயர் எல்லாம் அங்கேயே எழுதப்பட வேண்டும். பத்தில் ஒரு மாதிரியை இரட்டையாக எடுங்கள். வெள்ளத்தில் இறங்காதீர்கள், கையுறையும் காலணியும் இல்லாமல் சேற்றைத் தொடாதீர்கள்.

தண்ணீரை மாதம் ஒரு முறை, ஓர் ஆண்டு அளந்தால் விவாதிக்கத் தகுந்த பதிவு கையில் இருக்கும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்கி, உங்களுடையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் எழுத்தில் கேளுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் முதல் அளவை எடுத்துவிடுங்கள்.