செங்கல் வளைவு சொல்லும் பாடம்

ஓடைப்பட்டியிலிருந்து மதுரை செல்லும் நம் சிறார், திருமலை நாயக்கர் மகாலை முற்றும் கல்லென்றே எண்ணுவர். 1636ஆம் ஆண்டைச் சார்ந்த அவ்வரண்மனையில் தூண்கள் கல்; அவற்றை இணைக்கும் இதழ்வளைவுகளோ செங்கல். ஆசிரியப் பயிற்சி மாணவியரிடம் நாம் முதலில் கேட்கும் வினா, "பாரம் எங்கே இறங்குகிறது?" என்பதே. சொர்க்கவிலாசத்தில் நின்று மேலே நோக்குக. உத்திரமின்றிக் குவிமாடம் நிற்கிறது. வளைவில் செங்கற்கள் ஒன்றையொன்று நெருக்கி, மேற்சுமையைப் பக்கவாட்டில் தள்ளித் தூணுக்கு இறக்குகின்றன. மேலே பூசிய கிளிஞ்சற் சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் சேர்த்தனர் என்பர். நம்மவர்க்கு அஃது உவப்பன்று. ஆயினும் அப்பூச்சே செங்கல்லின் கவசம். அதில் பெயர் கீறுவோர் ஈரத்துக்கு வழி திறக்கின்றனர். 1866 முதல் 1872 வரை நேப்பியர் பிரபு பழுதுபார்ப்பித்த மண்டபம் இது. சிறாரிடம் தாளும் பென்சிலும் கொடுத்தனுப்புக. ஒரு வளைவையேனும் வரைந்து வரட்டும்.