கேஸ் மெக்கானிக் உரிமம்: புதுப்பிக்க என்ன இருக்கிறது?

கேள்வி (சுருக்கம்): காரைக்குடி வாசகர் ஒருவர், கேஸ் ஏஜென்சி ஒன்றில் எட்டு ஆண்டு மெக்கானிக்காக இருந்துவிட்டு, 2012இல் கட்டுமான வேலைக்குச் சிங்கப்பூர் சென்றவர். இப்போது ஊர் திரும்பிவிட்டார். கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீட்டை ஹோட்டலாக்கும் ஒருவர், சமையற்கட்டுக்கு கேஸ் குழாய் போடச் சொல்லி, உரிம நகலும் கையெழுத்திட்ட சோதனைச் சான்றும் கேட்கிறார். விட்டுப்போன உரிமத்தை எங்கே புதுப்பிப்பது?

பதில்: சமையல் எரிவாயு மெக்கானிக்குக்குத் தனிநபர் உரிமம் வழங்கும் ஏற்பாடு மத்தியச் சட்டங்களில் இல்லை. இல்லாத உரிமம் காலாவதியாகாது, அதைப் புதுப்பிக்கவும் முடியாது. சட்டத்தின் பிடி எரிவாயு மீதும், சிலிண்டர் மீதும், அதை வைக்கும் இடத்தின் மீதும், விநியோகிப்பவர் மீதும்தான். 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் 2000இல் பிறப்பிக்கப்பட்ட எல்.பி.ஜி. வழங்கல், விநியோக ஒழுங்குமுறை ஆணையும், 2016ஆம் ஆண்டு எரிவாயு உருளை விதிகளும் இதற்கு அடிப்படை. மெக்கானிக்கின் அதிகாரமோ, எண்ணெய் நிறுவனம் ஏற்பாடு செய்த பயிற்சியிலிருந்தும் ஏஜென்சி கொடுத்த அடையாள அட்டையிலிருந்தும் வருவது. வேலையை விட்ட அன்றே அந்த அட்டை செல்லாததாகிவிட்டது. ஆகவே இந்த விவகாரத்தைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: குழாயில் கை வைக்கும் நாளில், அவர் யாருடைய அனுமதியோடு வேலை செய்கிறார்?

உரிமம் உண்டு என்ற எண்ணம் வெளிநாட்டு வழக்கத்திலிருந்து வந்திருக்கலாம். சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையம் கேஸ் பணியாளர்களுக்குத் தனி உரிமம் தருகிறது. பிரிட்டனில் 2009 ஏப்ரல் 1 முதல் ‘கேஸ் சேஃப்’ பதிவேடு நடைமுறையில் இருக்கிறது. அங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை திறன் தேர்வெழுத வேண்டும், நெடுங்காலம் விட்டவர் புதியவரைப் போலத் தொடங்க வேண்டும். சிங்கப்பூரில் இவர் பார்த்தது கட்டுமான வேலை என்பதால், அந்த அனுபவம் இதில் கணக்கில் வராது.

மீண்டும் தொழிலுக்கு வர நேரான வழி, இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றில் ஒன்றின் விநியோகஸ்தரிடம் புதிதாகச் சேர்ந்து, பயிற்சி முடித்து, இன்றைய தேதியில் அட்டை பெறுவதுதான். வீட்டு இணைப்புகளில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயச் சோதனையும் அப்படி அட்டை பெற்ற மெக்கானிக்கின் வேலையே. பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் பிரிவு உண்டு. அந்தச் சான்று திறமைக்கு ஆதாரமாகும், அனுமதி ஆகாது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டு ‘கவர்ன்மென்ட் லைசென்ஸ்’ என்று சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது தொழில் பதிவு எண், அவ்வளவே.

ஹோட்டல் வேலைக்கு வேறு கணக்கு. ஒரே நேரத்தில் 100 கிலோ வரை எல்.பி.ஜி. வைத்திருக்க வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமம் வேண்டாம். 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ, வரம்புக்குள் அடங்கும். ஆறாவதை வரிசையில் நிறுத்தினால் 114 கிலோ ஆகி, உரிமம் தேவைப்படும். அந்த உரிமத்தைப் பெற வேண்டியவர் இட உரிமையாளர். எல்.பி.ஜி. காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. கசிந்தால் பள்ளம் தேடிப் போகும். செட்டிநாட்டு வீடுகளில் முற்றமும் மழைநீர் வடிகாலும் தாழ்வாக அமைந்திருப்பதால், சிலிண்டர் வைக்கும் இடத்தை ஹோட்டல்காரரின் வசதிக்காக வளவுக்குள் (வீட்டின் உட்பகுதிக்குள்) தள்ளக் கூடாது. வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரை ஹோட்டல் அடுப்பில் மாட்டுவது மேலே சொன்ன எல்.பி.ஜி. ஆணைக்கு விரோதம். அனுமதியின்றி ரெகுலேட்டர் விற்பதும் அப்படியே. அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவில் சிறைத்தண்டனை ஏழு ஆண்டு வரை போகலாம்.

இனி, பழைய அனுபவத்தைக் காட்டும் தாள்கள். கடிதத்தோடு ஒரு துண்டுச் சான்றும் இணைக்கப்படவில்லை. எட்டு ஆண்டு உழைத்தவரிடம் பணி நியமனக் கடிதம் இல்லை, பயிற்சிச் சான்று இல்லை, அடையாள அட்டையின் நகல்கூட இல்லை. ஏஜென்சி கைமாறிவிட்டதாம், பழைய முதலாளி காலமாகிவிட்டாராம். விமானச் சீட்டை வாங்க நேரம் இருந்தபோது, ஒரு வரியில் அனுபவச் சான்று கேட்டு வாங்க நேரம் இல்லாமல் போனது எப்படி? ஊர் திரும்பிய பின்னும், ஹோட்டல்காரர் கேட்கும்வரை இதை நினைக்கவே இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. வேலையை விடும் நாளில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் தாளை, பல ஆண்டு கழித்து, முகம் தெரியாத புது முதலாளியிடம் போய்க் கேட்டு வாங்குவது எளிதல்ல. தெரியாத ஒன்றுக்குச் சான்று தர அவருக்குக் கடமையும் இல்லை. வருங்கால வைப்புநிதியோ ஈ.எஸ்.ஐ.யோ பிடித்திருந்தால் அந்தப் பதிவுகளே முதல் ஆதாரம். சிறு ஏஜென்சிகளில் பல இவற்றின் வரம்புக்குள் வராமலே இருந்திருக்கலாம். அப்படியானால் சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரம் தேட வேண்டும். உடன் வேலை பார்த்தவர்களின் வாக்குமூலம் பலவீனமான துணைதான்.

இந்த நிலையில் சோதனைச் சான்றில் கையெழுத்திடுவது மிகப் பெரிய ஆபத்து. விபத்து நேர்ந்தால் முதலில் தேடப்படுவது அந்தத் தாளும் அதில் கையெழுத்திட்டவரும்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்படி, அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை. உயிரிழப்பு இல்லாவிட்டாலும், நெருப்பையும் எரியும் பொருளையும் அலட்சியமாகக் கையாள்வது 287இன் கீழ் குற்றம். கட்டணம் வாங்கிச் செய்த சேவை என்பதால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இழப்பீட்டு வழக்கும் வரலாம். உரிம நகல் தயாரித்துத் தருவதாகத் தரகர் யாரேனும் சொன்னால் உடனே விலக வேண்டும்: இல்லாத உரிமத்துக்கு நகல் என்பது போலி ஆவணம், அதை உண்மையானதுபோல் காட்டுவது நியாய சன்ஹிதாவின் 340ஆம் பிரிவுக் குற்றம்.

ஹோட்டல்காரருக்குத் தரக்கூடிய பதில், வணிக இணைப்பு தரும் விநியோகஸ்தர் மூலமே குழாய் வேலையும் கசிவுச் சோதனையும் நடக்கட்டும் என்பது. அந்த விநியோகஸ்தரின் ஆளாக, எழுத்துப்பூர்வ நியமனத்தோடு இவர் வேலை செய்வதில் தடை இல்லை.

இங்கே சொன்னது பொதுவான நிலை. கடிதத்தில் உள்ள விவரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஹோட்டல்காரர் தந்த வேலை உத்தரவு, முன்பணம் வாங்கியிருந்தால் அதன் ரசீது, வைப்புநிதி அல்லது வங்கி விவரம், பாஸ்போர்ட் ஆகியவற்றோடு வழக்கறிஞர் ஒருவரை நேரில் பார்க்க வேண்டும். கட்டணம் சுமையானால், தகுதி இருப்பின் சிவகங்கை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். முன்பணம் ஏற்கெனவே வாங்கியிருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே இதைச் செய்தாக வேண்டும்.