கரிசலின் நுண்முகம்

நுழையும்முன்

மண்ணைக் கண்ணால் காண்கிறோம், கையால் அள்ளுகிறோம். ஆயினும், கரிசல் மண்ணின் இயல்பைத் தீர்மானிக்கும் துகள்கள் வெறும் கண்ணுக்கு எட்டாதவை. அவற்றைக் காணக் கருவி வேண்டும். கருவி காட்டுவதைப் பிழையற அறியக் கவனம் வேண்டும்.

வெடிப்பும் வினாவும்

விருதுநகர் மாவட்டத்துப் பரளச்சியைச் சுற்றி விரிந்து கிடப்பது வானம் பார்த்த கரிசல் பூமி. கோடையில் அம்மண் பாளம் பாளமாக வெடிக்கிறது. மழை பெய்ததும் ஊதிப் பெருத்து வெடிப்புகளைத் தானே மூடிக்கொள்கிறது. ஆற்று மணலோ எந்தக் கோடையிலும் இவ்வாறு வெடிப்பதில்லை. காரணம் யாது? துகளின் அளவும் வடிவும் கனிம இயல்புமே.

நுண்மையை அளக்கும் நாட்டம் தமிழர்க்குப் புதிதன்று. எட்டு அணு ஒரு தேர்த்துகள், எட்டுத் தேர்த்துகள் ஓர் இம்மி, எட்டு இம்மி ஓர் எள் என்பது பழைய நீட்டலளவை வாய்பாடு. தேரோடும்போது எழும் புழுதியும் நம் முன்னோர்க்கு ஓர் அளவாயிற்று.

காணும் கருவிகள்

இன்றைய மண்ணியல், 2 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துகள்களை மணல், வண்டல், களி என வகுக்கிறது. களித்துகள் 2 மைக்ரோமீட்டரினும் சிறியது. மணலைக் காண ஒளி நுண்ணோக்கி போதும். ஆனால், ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டரினும் குறைந்த இடைவெளியை அது பிரித்துக் காட்டாது. ஒளியின் அலைநீளமே அதற்குத் தடை. 1931இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் ஒளிக்கு மாற்றாக எலக்ட்ரான் கற்றையைக் கொண்டு அத்தடையைக் கடக்க வழிகண்டனர். இப்பணிக்காக ருஸ்கா 1986இல் நோபல் பரிசு பெற்றார்.

மின்னணு நுண்ணோக்கியில் மணல் உருண்டும் கோணலுமாகத் தோன்றும்; களியோ மெல்லிய தகடுகளாகத் தோன்றும். கரிசலில் மிகுந்துள்ள களிக் கனிமத்தின் அடுக்குகளுக்கிடையே நீர் புகும்போது மண் பெருக்கிறது; நீர் நீங்கும்போது சுருங்கி வெடிக்கிறது.

அளவும் பிழையும்

ஒழுங்கற்ற துகளின் அளவை எவ்வாறு கூறுவது? படத்தில் அது அடைக்கும் பரப்புக்குச் சமமான வட்டத்தை எண்ணி, அவ்வட்டத்தின் விட்டத்தையே துகளின் அளவாகக் கொள்வர். நீளத்தை அகலத்தால் வகுத்தால் வடிவம் புலப்படும்: விடை ஒன்றாயின் நீளமும் அகலமும் சமம், மிகுந்தால் துகள் நீண்டது.

எனினும், படம் ஒரு பக்கத்தையே காட்டும். படுத்துக் கிடக்கும் தகட்டின் தடிமன் அதில் தெரியாது. மேலும், களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையன. அவற்றைப் பிரிக்காமல் படமெடுத்தால் கருவி ஒரு கட்டியை ஒரே துகளாக எண்ணிவிடும்; களி, மணலாகக் கணக்கில் ஏறும். மழை நின்ற பின்னும் ஈரத்தைத் தேக்கிப் பயிரைக் காக்கும் மண், நீர் நில்லா மண் எனப் பிழையாக மதிப்பிடப்படும். அக்கணக்கை நம்பி விதைக்கும் உழவர்க்கு அஃது இழப்பாகும். ஆகவே, ஒரு துகளை நம்பாது நூற்றுக்கணக்கானவற்றைப் பிரித்தளப்பதே ஆய்வு நெறி.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் நீருடன் குலுக்கி ஒரு நாள் அசையாது வைக்க. முதலில் படிவது எது, இறுதிவரை நீரைக் கலங்கலாக வைத்திருப்பது எது என உற்றுநோக்கி, காரணத்துடன் எழுதுக.