கோல நோட்டு பத்திரம்!

பாட்டி கோலம் போட்டுவைத்த நோட்டு பரணில் கிடக்கிறதா? பென்சில் கோடு மங்குமுன் எடுங்கள். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரில் 300 டிபிஐ-க்குக் குறையாமல், வண்ணத்திலேயே எடுங்கள். செல்போன் என்றால் ஜன்னலோர வெளிச்சம் போதும், ஃபிளாஷ் கூடாது.

சிக்குக் கோலத்துக்குப் படம் மட்டும் போதாது. கம்பி எங்கே தொடங்கி எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகிறது என்பது போட்டவர் கையில்தான் இருக்கிறது. அவரையே வாசலில் போடச் சொல்லி, விரல் தெரிய மேலிருந்து வீடியோ எடுங்கள். வீட்டில் அந்தக் கோலத்துக்கு வழங்கும் பெயரையும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

கோப்புக்கு '15-8 இடுக்குப்புள்ளி' என்பதுபோலப் பெயரிட்டால் தேடுவது சுலபம். பென்டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று வையுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் தெளிவு குறையாது. ஸ்கேன் முடிந்ததென்று நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.